மேகமற்ற இரவைத் தேடியவர்: வானியல் அறிஞர் வைணு பாப்பு

மல்லாங்கிணற்றைச் சுற்றி விரிந்து கிடப்பது வானம் பார்த்த பூமி. ஒருபுறம் அருப்புக்கோட்டை, திருச்சுழி வரையிலும், மறுபுறம் காரியாபட்டி வரையிலும், கரிசல் மண்ணில் பருத்தியும் கம்பும் சோளமும் விதைத்துவிட்டு, ஐப்பசி கார்த்திகை மழையை எதிர்நோக்கியிருப்பது இவ்வூர்களில் வழிவழியாக வந்த வாழ்க்கை. கண்மாய் நிரம்பினால் அது நல்ல ஆண்டு, நிரம்பாவிட்டால் பஞ்சம். ஆகவே இங்கு வானத்தை அண்ணாந்து பாராத மனிதர் இல்லை. ஆயினும் எல்லாரும் அங்கே தேடுவது மேகத்தைத்தான். மேகமில்லாத வானத்தைத் தேடி ஓர் அறிஞர் தம் வாழ்நாளின் சிறந்த பகுதியைச் செலவிட்டார் என்று கூறினால், இவ்வூர்ப் பெரியவர்கள் சற்றே வியப்படையக்கூடும். அவ்வறிஞரின் வரலாற்றையே இவ்விதழில் வாசகர்களுக்கு அளிக்க விழைகிறோம்.

மாசியின் கடைசியிலோ பங்குனியின் தொடக்கத்திலோ, நிலவில்லாத ஓர் இரவில், எட்டு மணியளவில் ஊருக்குப் புறத்தே நின்று தெற்கு நோக்கினால் ஓர் அழகிய காட்சி தென்படும். பொழுது சாய்வதற்கு முன்பே உணவை முடித்துக்கொள்ளும் வழக்கமுடைய நம் இல்லங்களில் அது ஓய்வான நேரமும் ஆகும். உச்சிக்குத் தெற்கே மிகப் பிரகாசமாக ஒளிர்வது சிரியஸ் எனும் விண்மீன். அதற்கு நேர் கீழே, தென்வானில், அதற்கடுத்த பிரகாசத்துடன் விளங்குவது அகத்தியர் பெயரால் நம் முன்னோர் வழங்கிய விண்மீன். அகத்தியத்துக்கு இடப்புறம், சற்று மேலே, அத்துணைப் பிரகாசமில்லாத ஒரு நீலவெள்ளை விண்மீன் இருப்பதைக் காணலாம். மேலைநாட்டார் அதனைக் காமா வெலோரம் என்பர்.

வெறுங்கண்ணுக்கு ஒற்றைப் புள்ளியாகத் தெரியும் அது உண்மையில் இரட்டை விண்மீன். கடும் வெப்பமுடைய இரு பெரும் சூரியன்கள் ஒன்றையொன்று சுற்றி வருகின்றன. ஒரு சுற்றுக்கு ஆகும் காலம் ஏறத்தாழ 78 நாட்களும் அரை நாளும். அவற்றுள் ஒன்று, தன் மேற்புறப் பொருளையெல்லாம் பெருங்காற்றாக வெளியே வீசிக்கொண்டிருக்கும் உல்ஃப்–ராயே எனும் அரிய வகையைச் சேர்ந்தது. இரட்டையின் இச்சுற்றுப்பாதையை 1960களில் ஆராய்ந்து எழுதியவர்கள் கோடைக்கானல் வானாய்வு நிலையத்தைச் சேர்ந்த இருவர். ஒருவர் கணேஷ், மற்றவர் அந்நிலையத்தின் இயக்குநராயிருந்த மணலி கல்லாட்டு வைணு பாப்பு. மல்லாங்கிணற்று வயல்வரப்பிலிருந்து காணக்கூடிய விண்மீனை மதுரைக்கு மேற்கேயுள்ள மலையிலிருந்தே ஆராய முடிந்தது என்பது நமக்கு மகிழ்வூட்டும் செய்தியன்றோ!

பிறப்பும் இளமையும்

வைணு பாப்பு 1927ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் சென்னையில் பிறந்தார். அவர்தம் குடும்பம் மலையாள நாட்டுத் தலைச்சேரியைச் சேர்ந்தது. பெற்றோருக்கு அவர் ஒரே மகன். தந்தையார் ஐதராபாத்தில் இருந்த நிஜாமியா வானாய்வு நிலையத்தில் பணியாற்றினார். 1901இல் ஐதராபாத் பிரபு ஒருவரால் தோற்றுவிக்கப்பட்டு, பின்னர் நிஜாம் அரசின் பொறுப்புக்கு வந்த நிலையம் அது. வானத்தைப் பகுதி பகுதியாகப் படமெடுத்து விண்மீன்களைக் கணக்கெடுக்கும் உலகளாவிய பெரும்பணியில் அந்நிலையமும் பங்கேற்றிருந்தது.

பிற பிள்ளைகள் திண்ணையிலும் தெருவிலும் விளையாடிய பருவத்தில் வைணுவுக்குக் கிடைத்தது தொலைநோக்கியின் அடியில் நிற்கும் பேறு. தந்தையார் இரவுப் பணிக்குச் செல்ல, மைந்தன் உடன் சென்று கண்டறிந்தவை பள்ளிப் பாடங்களைவிட ஆழமாக அவர் உள்ளத்தில் பதிந்தன. ஒளி கூடியும் குறைந்தும் மாறிவரும் விண்மீன்களைத் தாமே நோக்கிக் குறிப்பெடுத்து, இருபது வயது நிரம்பும் முன்னரே அவற்றை ஆய்வுக் குறிப்புகளாக வெளியிட்டார். நிஜாம் கல்லூரியில் பயின்று, சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் முதுகலைப் பட்டமும் பெற்றார்.

அக்காலத்தில் நம் நாட்டில் வானியலை உயர்நிலையில் கற்பிக்கும் இடங்கள் அருகியே இருந்தன. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக வானாய்வு நிலையத்தை நடத்திவந்த ஹார்லோ ஷேப்லி எனும் பேரறிஞர் இந்தியா வந்தபோது இளைஞர் வைணுவுக்கு அவரைச் சந்திக்கும் வாய்ப்புக் கிட்டியது. நம் சூரியன் பால்வீதியின் நடுவில் இல்லை, ஓர் ஓரத்திலேயே இருக்கிறது என்று உலகுக்கு எடுத்துக்காட்டியவர் ஷேப்லி. அச்சந்திப்பு ஹார்வர்டுக்கு வழி திறந்தது. ஐதராபாத் அரசின் உதவித்தொகையுடன் வைணு கடல் கடந்து சென்றார்.

வால்மீனும் நிறமாலையும்

ஹார்வர்டில் சேர்ந்து சில மாதங்களே ஆன நிலையில், 1949 ஜூலை மாதத்தில், தாம் எடுத்த வானப் படத் தகட்டைச் சோதித்துக்கொண்டிருந்த வைணு, அதில் இருக்கக்கூடாத ஒரு மங்கலான சுவட்டைக் கண்டார். அது புதிய வால்மீன். அவருடைய ஆசிரியரான பார்ட் பாக்கும், உடன் பயின்ற கார்டன் நியூகர்க்கும் அதனை உறுதிசெய்வதில் துணைநின்றனர். அதனால் அவ்வால்மீனுக்குப் பாப்பு–பாக்–நியூகர்க் என மூவர் பெயரும் அமைந்தது. பசிபிக் வானியல் கழகத்தார் அதற்காக அவருக்குப் பதக்கம் அளித்தனர். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு கூட நிரம்பவில்லை.

முனைவர் பட்டம் பெற்றபின் கார்னகி நிறுவனத்தின் ஆய்வு நல்கையுடன் கலிபோர்னியாவின் பாலோமர் மலைக்குச் சென்றார். அந்நல்கையைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. அங்கே நிறுவப்பட்டிருந்த 200 அங்குலத் தொலைநோக்கி அன்று உலகிலேயே பெரியது. அங்குதான், ஆலின் வில்சன் எனும் அறிஞருடன் இணைந்து, அவர் பெயரை நிலைநிறுத்திய ஆய்வை மேற்கொண்டார். அதனைச் சற்று விளக்கமாகக் கூறுவது நம் கடமை.

இருட்டில் தொலைவில் ஒரு விளக்கைக் காண்கிறோம். அது அருகிலுள்ள அகல்விளக்கா, அடுத்த ஊரில் எரியும் பெட்ரோமாக்ஸ் விளக்கா என்று வெறும் பார்வையால் கூறிவிட முடியாது. விண்மீன்களைப் பொறுத்தும் இதே இடர்ப்பாடு. நமக்குத் தெரியும் பிரகாசத்தை அளந்துவிடலாம். ஆனால் அது இயல்பிலேயே பேரொளி உடையதாய்த் தொலைவில் உள்ளதா, சிற்றொளி உடையதாய் அருகில் உள்ளதா என்பது தெரியாமல் தூரத்தைக் கணக்கிட இயலாது. அருகிலுள்ள விண்மீன்களின் தூரத்தைக் கோண அளவையால் அறியலாம். சற்று விலகிப் போனாலே அந்த முறை பயன்படாமற் போய்விடும்.

விண்மீனின் ஒளியைப் பட்டகத்தின் வழியே செலுத்தினால் வானவில்லைப் போன்ற நிறமாலை தோன்றும். அந்நிறமாலையின் குறுக்கே மெல்லிய கருங்கோடுகள் பல காணப்படும். ஊதா நிறத்தின் ஓரத்தில், கால்சியம் அணுக்களால் உண்டாகும் அகன்ற கருங்கோடு ஒன்று உண்டு. கே கோடு என்று அதற்குப் பெயர். சூரியனை ஒத்த விண்மீன்களிலும் அதனைவிடக் குளிர்ந்த விண்மீன்களிலும் அக்கருங்கோட்டின் நடுவே ஒரு மெல்லிய ஒளிக்கீற்றுத் தென்படும். வில்சனும் பாப்புவும் 185 விண்மீன்களில் அக்கீற்றின் அகலத்தை அளந்தனர். கண்ட உண்மை வியப்புக்குரியது. இயல்பான ஒளி மிகுந்த விண்மீனில் கீற்று அகன்றிருந்தது. ஒளி குறைந்த விண்மீனில் கீற்று ஒடுங்கியிருந்தது. ஒளியளவில் பத்து லட்சம் மடங்கு வேறுபடும் விண்மீன்களுக்கிடையேயும் இந்த ஒழுங்கு பிறழவில்லை. விண்மீனின் மேற்பரப்பு வெப்பம் எத்தகையதாயினும் அது மாறவில்லை.

இதன் பயன் யாது? கீற்றின் அகலத்தை அளந்தால் விண்மீனின் உண்மையான ஒளி தெரியும். உண்மையான ஒளி தெரிந்தால், கண்ணுக்குத் தெரியும் ஒளியுடன் ஒப்பிட்டுத் தூரத்தைக் கணக்கிடலாம். தொலைவிலுள்ள விளக்கு அகலா பெட்ரோமாக்ஸா என்பதை அதன் சுடரின் வடிவே சொல்லிவிடுவது போன்றதாயிற்று இது. 1957இல் இருவரும் வெளியிட்ட இந்த ஆய்வு முடிவு, வில்சன்–பாப்பு விளைவு என்னும் பெயருடன் உலகெங்கும் வானியல் நூல்களில் இடம்பெற்றுள்ளது.

திரும்பி வந்த வழி

அந்தக் கட்டுரை அச்சேறுவதற்கு முன்பே வைணு பாப்பு தாயகம் திரும்பிவிட்டார் என்பது கருதத்தக்கது. உலகின் மிகப்பெரிய தொலைநோக்கி ஒரு புறம். இரவு வானை ஆராய்வதற்குத் தகுதியான கருவிகள் அரிதாயிருந்த நாடு மறுபுறம். இளம் வயதில் புகழின் வாயிலில் நின்ற ஒருவர் எதனைத் தேர்ந்தெடுப்பார் என்று எவரும் எளிதில் ஊகிக்கலாம். அவர் தேர்ந்தெடுத்தது வேறு. 1953இல் இந்தியா வந்தார். 1954இல் உத்தரப்பிரதேச அரசு புதிதாகத் தொடங்கியிருந்த வானாய்வு நிலையத்தின் பொறுப்பை ஏற்றார். காசி நகரில் தொடங்கப்பட்ட அந்நிலையம், 1955இல் நைனிடால் மலைக்கு மாற்றப்பட்டது. அதன் தொடக்கப் பணிகளை அவரே முன்னின்று நடத்தினார்.

1960இல் கோடைக்கானல் வானாய்வு நிலையத்தின் இயக்குநராக நியமிக்கப்பட்டபோது அவருக்கு வயது முப்பத்திரண்டோ முப்பத்துமூன்றோதான். அந்த நிலையத்தின் பிறப்பு வரலாறு நம் வறண்ட நிலத்தோடு தொடர்புடையது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருஷப் பஞ்சம் உலுக்கியது. பல லட்சம் உயிர்கள் மாண்டன. மழை பொய்ப்பதற்கும் சூரியனில் நிகழும் மாறுதல்களுக்கும் தொடர்பு உண்டோ என்னும் வினா அப்போது எழுந்தது. சூரியனை நாள்தோறும் நோக்கிப் பதிவு செய்தல் வேண்டும் என்று பஞ்ச விசாரணைக் குழுவினர் பரிந்துரைத்தனர். பல ஆண்டு முயற்சிகளுக்குப் பின், 1899இல் கோடைக்கானலில் சூரிய ஆய்வு நிலையம் அமைந்தது. கரிசல் காட்டு உழவன் மழையை வேண்டி வானத்தைப் பார்த்த அதே ஏக்கமே, மலையுச்சியில் அறிவியல் நிலையமாக உருவெடுத்தது எனலாம்.

மழைக்கும் சூரியப் புள்ளிகளுக்கும் எளிய கணக்கு ஏதும் அகப்படவில்லை. ஆனால் அந்நிலையம் வேறு செல்வத்தைச் சேர்த்து வைத்திருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதலே கால்சியத்தின் கே கோட்டு ஒளியில் சூரியனைப் படமெடுக்கும் வழக்கம் அங்கே இருந்தது. வைணு பாப்பு பாலோமரில் தொலைதூர விண்மீன்களில் அளந்த அதே கோடு! தம் கண்டுபிடிப்பின் காரணத்தை அறிய அவர் கோடைக்கானல் சூரியனையே துணைக்கு அழைத்தார். கே. ஆர். சிவராமனுடன் இணைந்து 1971இல் வெளியிட்ட ஆய்வில், சூரியனின் மேல்மண்டலத்தில் காணப்படும் நுண்ணிய ஒளிப்பொட்டுகளே அக்கீற்றின் அகலத்துக்குக் காரணமாக அமைகின்றன என்று எடுத்துக்காட்டினார். தொலைவிலுள்ள விண்மீனில் புள்ளியாகத் தெரிவதை அருகிலுள்ள சூரியனின் முகத்தில் பிரித்துப் பார்த்து விளங்கிக்கொண்ட நுட்பம் அது.

மலையைத் தேடிய ஆண்டுகள்

கோடைக்கானல் பகலில் சூரியனை நோக்கச் சிறந்த இடம். இரவில் விண்மீன்களை நோக்க அது ஏற்றதன்று. மேகமும் மூடுபனியும் அடிக்கடி வந்து கவியும். விண்மீன்களையும், அவற்றுக்கும் அப்பால் கோடானுகோடி விண்மீன்கள் திரண்ட விண்மீன் மண்டலங்களையும் ஆராய வேண்டுமானால், வேறு மலை வேண்டும் என்று வைணு பாப்பு உணர்ந்தார். அந்த மலை தென்னாட்டிலேயே இருத்தல் வேண்டும் என்றும் எண்ணினார். அதற்குத் தக்க காரணம் இருந்தது.

வடக்கே செல்லச் செல்லத் தென்வானம் அடிவானத்துக்குக் கீழே மறைந்துவிடும். ஐரோப்பாவிலுள்ள பெருந்தொலைநோக்கிகளுக்கு அகத்தியமும் காமா வெலோரமும் எட்டாதவை. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பவர்க்கோ வடவானமும் தென்வானத்தின் பெரும்பகுதியும் ஒருங்கே புலப்படும். மேலும், அமெரிக்காவில் பகலாயிருக்கும்போது இங்கே இரவு. குறித்த ஒரு மணிப்பொழுதில் மட்டுமே நிகழும் வானக் காட்சியைக் காண, உலகின் இப்பகுதியிலும் ஒரு நல்ல நிலையம் இருந்தாக வேண்டும். இவற்றையெல்லாம் எண்ணிப் பல மலைகளையும் ஆராய்ந்து, முடிவில் சவ்வாது மலைத் தொடரில் காவலூர் எனும் சிற்றூரைத் தேர்ந்தெடுத்தார். அது அந்நாளில் வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. இன்று திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 725 மீட்டர் உயரம். நகர விளக்குகள் அணுகாத காடு.

அங்கே 1960களின் இறுதியில் முதலில் நிறுவப்பட்டது 38 சென்டிமீட்டர் விட்டமுடைய சிறு தொலைநோக்கி. கோடைக்கானல் நிலையத்தின் தொழிற்கூடத்திலேயே அது உருவாயிற்று. அயல்நாட்டிலிருந்து வருவிக்கும்வரை காத்திராமல், கையில் உள்ளதைக் கொண்டு தொடங்குவது அவர்தம் இயல்பு. 1972இல் ஜெர்மனியின் ஜெய்ஸ் நிறுவனத்தின் ஒரு மீட்டர் தொலைநோக்கி அங்கு வந்து சேர்ந்தது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில், வியாழன் கோளின் கானிமீடு எனும் துணைக்கோள் ஒரு விண்மீனை மறைத்துச் சென்றது. அந்நிகழ்வைக் காவலூரிலிருந்து பதிவு செய்தபோது, கானிமீடைச் சுற்றி மெல்லிய வளிமண்டலம் உண்டென்பதற்கான அறிகுறி கிட்டியது. 1977 மார்ச் 10ஆம் நாள் யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்தபோது, அக்கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதை உலகம் அறிந்தது. அன்றிரவு அந்நிகழ்வைப் பதிவு செய்த இடங்களுள் காவலூரும் ஒன்று. இப்பகுதியில் ஒரு நிலையம் வேண்டும் என்று அவர் கொண்ட கருத்து எவ்வளவு சரியானது என்பதை இவ்விரு நிகழ்வுகளும் காட்டின.

இதனிடையே நிறுவன அமைப்பிலும் பெரிய மாற்றம் நிகழ்ந்தது. கோடைக்கானல் நிலையம் நெடுங்காலம் வானிலை ஆய்வுத் துறையின் கீழ் இருந்துவந்தது. மழையையும் காற்றையும் அளக்கும் துறையில் விண்மீன் ஆய்வு ஓர் ஓரத்துப் பிள்ளையாகவே வளர முடியும். வைணு பாப்புவின் இடையறாத முயற்சியால் 1971இல் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் தன்னாட்சி பெற்ற அமைப்பாக உருவாயிற்று. 1975இல் அதன் தலைமையகம் பெங்களூருக்கு மாறியது.

நிறைவேறிய கனவும் நிறைவுற்ற வாழ்வும்

உலக வானியலாளர்கள் அவரைத் தம் தலைவராக ஏற்ற ஆண்டு 1979. அனைத்துலக வானியல் ஒன்றியத்தின் தலைமைப் பொறுப்புக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் இந்தியர் அவர். 1970ஆம் ஆண்டுக்குரிய பட்நாகர் பரிசும், 1981இல் பத்ம பூஷண் விருதும் அவரை வந்தடைந்தன. ஆனால் அவர் உள்ளம் முழுவதும் வேறொன்றில் ஈடுபட்டிருந்தது. 2.34 மீட்டர் விட்டமுடைய பெருந்தொலைநோக்கி ஒன்றை நம் நாட்டிலேயே வடிவமைத்து, நம் நாட்டிலேயே செய்து, காவலூரில் நிறுவ வேண்டும் என்பதே அக்கனவு.

இதன் அருமையை அறிய ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். ஓர் ஆள் உயரத்தையும் விஞ்சிய குறுக்களவுள்ள, டன் கணக்கில் எடையுள்ள கண்ணாடி வட்டத்தை எடுத்துக்கொண்டு, அதன் மேற்பரப்பைத் தலைமுடியின் பருமனில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான பிழைகூட நேராதபடி தேய்த்துத் தேய்த்துக் குழிவாக்க வேண்டும். இன்று தேய்த்துவிட்டு அளந்து பார்த்து, பிழையிருந்தால் நாளை மீண்டும் தேய்க்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் நடக்கும் பணி அது. பெங்களூரில் உள்ள நிறுவனத்தின் கூடத்திலேயே அப்பணி நடந்தது. தொலைநோக்கியைத் தாங்கும் பெரிய இரும்புக் கட்டமைப்பு மகாராஷ்டிரத்தின் வால்சந்த்நகர் ஆலையில் உருவாயிற்று. அயல்நாட்டில் விலைகொடுத்து வாங்கியிருந்தால் விரைவில் முடிந்திருக்கும். ஆனால் அடுத்த தொலைநோக்கியைச் செய்யத் தெரிந்த கைகள் இந்நாட்டில் தோன்றியிரா.

அந்தப் பணி முடிவதற்கு முன்பே 1982 வந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் கிரேக்க நாட்டின் பட்ராஸ் நகரில் அனைத்துலக வானியல் ஒன்றியத்தின் பொதுப்பேரவை கூடியது. தலைவர் என்ற முறையில் அதனை நடத்தியிருக்க வேண்டியவர் வைணு பாப்பு. இதயக் கோளாற்றினால் ஜெர்மனியின் மியூனிக் நகரில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட அவர், பேரவை நடந்துகொண்டிருந்த நாட்களிலேயே, ஆகஸ்டு 19ஆம் நாள் இயற்கை எய்தினார். ஐம்பத்தைந்தாம் பிறந்த நாள் கடந்து ஒன்பது நாட்களே ஆகியிருந்தன. பெருந்தொலைநோக்கியின் வழியே ஒரு விண்மீனையேனும் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை.

அவர் தொடங்கிய பணி நிற்கவில்லை. அவருடன் உழைத்தவர்கள் அதனை முடித்தார்கள். 1986 ஜனவரி 6ஆம் நாள் அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி அத்தொலைநோக்கியை நாட்டுக்கு அர்ப்பணித்தார். தொலைநோக்கிக்கும் காவலூர் நிலையத்துக்கும் வைணு பாப்புவின் பெயரே சூட்டப்பட்டது. அன்று இந்தியாவிலேயே மிகப்பெரிய தொலைநோக்கி அதுவே. 1988இல் காவலூரில் ராஜமோகன் கண்டறிந்த ஒரு சிறுகோளுக்குக் கணிதமேதை இராமானுஜனின் பெயர் இடப்பட்டது. வைணு பாப்புவின் பெயரையும் ஒரு சிறுகோள் தாங்கிச் சூரியனைச் சுற்றி வருகிறது. மகனை இழந்த அன்னையார் சுனன்னா பாப்பு அளித்த நிதியைக் கொண்டு, இந்திய வானியல் கழகம் இளம் வானியலாளர்களுக்கு அவர் பெயரால் தங்கப் பதக்கம் வழங்கும் ஏற்பாட்டைச் செய்தது.

ஈட்டமா, இழப்பா?

இங்கே வாசகர் உள்ளத்தில் ஒரு கேள்வி எழக்கூடும். முப்பது வயதுக்குள் வில்சன்–பாப்பு விளைவைக் கண்டவர், பாலோமரிலேயே தங்கியிருந்தால் இன்னும் எத்தனை உண்மைகளைக் கண்டிருப்பாரோ! மலைப்பாதை, கட்டடம், நிதி, அரசாங்கக் கோப்பு, கண்ணாடி தேய்க்கும் கூடம் என்று கழிந்த ஆண்டுகள் அறிவியலுக்கு இழப்பல்லவா? இக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிட நாம் விரும்பவில்லை. கட்டுவோர் தாம் காண வேண்டியதில் ஒரு பங்கை இழந்தே தீர்வர். அந்த இழப்பு உண்மையானது. அவர் தேர்ந்தெடுத்த காவலூரிலும் குறையில்லாமல் இல்லை. இரு பருவமழைகளின் மேகங்களும் அங்கே வந்து சேர்வதால் ஆண்டின் பல இரவுகள் வீணாகின்றன. அதனால்தான் பிற்காலத்தவர் மேலும் தெளிந்த வானைத் தேடி லடாக்கிலுள்ள ஹான்லேக்குச் சென்று, சுமார் 4,500 மீட்டர் உயரத்தில், இரண்டு மீட்டர் தொலைநோக்கியை நிறுவினர்.

ஆயினும் ஹான்லேக்குச் சென்றவர்கள் யார்? அவர் உருவாக்கிய நிறுவனத்தாரே. அவர் தொடக்க நாட்களில் பேணி வளர்த்த நைனிடால் நிலையத்தின் வழிவந்தோர், 2016இல் அருகிலுள்ள தேவஸ்தலில் 3.6 மீட்டர் தொலைநோக்கியை இயக்கத் தொடங்கினர். ஒருவர் பாலோமரில் தனியாகக் கண்டிருக்கக்கூடியவற்றை நாம் எண்ணிப் பார்க்கலாம்; அளந்து சொல்ல முடியாது. ஆனால் அவர் திரும்பி வந்ததனால் வானை நோக்கும் வாய்ப்புப் பெற்ற பலரை நாம் கண்முன் காண்கிறோம்.

எமது கரிசல் காட்டு வரப்புகளில் பனைமரங்கள் வரிசையாக நிற்பதை இவ்வழியே செல்வோர் காணலாம். பனங்கொட்டையை ஊன்றுபவன் நுங்கு தின்னும் நாளை எண்ணி ஊன்றுவதில்லை. அது காய்க்க ஒரு தலைமுறை ஆகும் என்பதை அறிந்தே ஊன்றுகிறான். தண்ணீர் ஊற்றாமலே, பஞ்சத்திலும் பட்டுப்போகாமல் நிற்கும் மரம் அது. வைணு பாப்பு சவ்வாது மலையில் ஊன்றியதும் அத்தகைய வித்தே.

வாசக அன்பர்கள் பங்குனி மாதத்து இரவொன்றில் தம் இல்லத்துச் சிறுவர் சிறுமியரை வெளியே அழைத்துச் சென்று, தென்வானில் அகத்தியத்தையும் அதன் இடப்புறத்து நீலவெள்ளை விண்மீனையும் காட்ட வேண்டுமென விரும்புகிறோம். ஒற்றையாகத் தெரியும் அது இரட்டை என்பதையும், அதனை ஆராய்ந்தவர் தமிழகத்து மலைகளில் உழைத்தவர் என்பதையும் எடுத்துரைத்தால் போதும். அன்றிரவு மேகம் வந்து மறைத்துவிட்டாலும் கவலையில்லை. மழை பெய்தால் கண்மாய்க்கு ஆகும். விண்மீன் மறுநாளும் அங்கேயே இருக்கும்.